ஓடிஜியில் ரீஃப்ளோ: கம்பியின் சூடு வேறு, போர்டின் சூடு வேறு

கியூஎஃப்என் உறையில் வரும் ஐசிக்குக் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. வயிற்றுப் பக்கம் நடுவில் ஒரு சதுர உலோகத் தகடு, அதைச் சுற்றி ஓரமாக மெல்லிய பட்டைகள், அவ்வளவுதான். சால்டரிங் அயர்ன் எவ்வளவு கூராக இருந்தாலும் அந்த நடுத் தகட்டை எட்டாது. ஹாட் ஏர் வைத்துச் செய்யலாம். ஒன்றிரண்டு சர்க்யூட் போர்டுக்கு அது சரி. நான் செய்துகொண்டிருந்தது மாடித் தொட்டியின் தண்ணீர் மட்டத்தைக் கீழே உள்ள மோட்டாருக்குச் சொல்லும் போர்டு. அதில் ஓர் ஈஎஸ்பி32 மாட்யூல் (வைஃபை உள்ள சின்னக் கணினிச் சிப்), வோல்டேஜை இறக்கும் ஒரு கியூஎஃப்என் ஐசி, இரண்டு பக்கமுமாக அறுபது எழுபது 0603 ரெசிஸ்டர், கெபாசிட்டர். 0603 என்றால் 1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 அகலம். தெரிந்தவர்கள் ஆளுக்கொன்று கேட்க ஆரம்பித்ததும் ஹாட் ஏர் கன்னோடு உட்கார்ந்திருப்பது கட்டுப்படியாகவில்லை. அதனால் ஓடிஜி என்னும் சமையலறை மின்சார அடுப்பை ரீஃப்ளோ அடுப்பாக மாற்றினேன். சால்டர் பேஸ்ட் (சால்டர் பொடியும், ஆக்சைடை நீக்கும் ஃப்ளக்ஸும் கலந்த களிம்பு) தடவி, பாகங்களை அடுக்கி, போர்டு முழுவதையும் ஒரே நேரத்தில் சூடேற்றி ஒட்டுவதுதான் ரீஃப்ளோ.

சீனாவிலேயே பாகம் பொருத்தி வரவழைத்தால் என்ன என்று கேட்பீர்கள். நூறு போர்டு வேண்டுமென்றால் நானும் அதையே செய்வேன். பத்து இருபது போர்டு, அதிலும் ஒவ்வொரு தடவையும் டிசைனில் ஏதாவது மாறும் என்கிறபோது, கஸ்டம்ஸ், காத்திருப்பு, கையிருப்பில் இல்லாத பாகத்துக்கு மாற்றுத் தேடுவது எல்லாம் சேர்த்தால் கணக்கு ஒத்துவராது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் போர்டு சின்னது, பாகங்கள் ஒரே பக்கம் என்றால் அடுப்பே வேண்டாம். கீழிருந்து சூடேற்றும் ஹாட் பிளேட் போதும். இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் போர்டை வைத்து முடித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டில் ரீஃப்ளோ அடுப்பு செய்கிறவர்கள் பெரும்பாலும் கண்ட்ரோலரைப் பற்றித்தான் பேசுகிறார்கள்: எந்த சிப், எந்தத் திரை, பிஐடி (இலக்குச் சூட்டுக்கும் இப்போதைய சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கணக்கு) எண்கள் என்ன. என் அனுபவத்தில் அது கால்வாசி வேலைகூட இல்லை. 1200 வாட்டைப் போட்டால் எதுவும் சூடாகும். சால்டர் பேஸ்ட் இருக்கும் அந்த இடம் இந்த நொடியில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று சரியாகத் தெரிந்துகொள்வதில்தான் அடுப்பு தேறுவதும் தேறாததும் இருக்கிறது.

முதலில் அடுப்பு. ஓடிஜி வாங்கும்போது எல்லாரும் லிட்டரைப் பார்ப்பார்கள். நமக்கு வேண்டியது வாட். 40 லிட்டர் அடுப்பில் கேக் நன்றாக வரும், போர்டு வராது. அத்தனை பெரிய வயிற்றை வேகமாகச் சூடேற்ற வீட்டு பிளக்கில் வரும் மின்சாரம் காணாது. நான் எடுத்தது 16 லிட்டர், 1200 வாட், மேலே இரண்டு சூடேற்றும் கம்பி, கீழே இரண்டு. 9 லிட்டர், 800 வாட் அடுப்பு கணக்குப்படி இன்னும் வேகமாகச் சூடாக வேண்டும். ஆனால் அதில் கம்பிக்கும் போர்டுக்கும் நடுவில் இடைவெளி குறைவு. கம்பிக்கு நேர் எதிரே இருக்கும் இடம் கருகும்போது மூலை இன்னும் உருகாமல் இருக்கும். உள்ளே காற்றாடி உள்ள மாடல் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். கம்பி இரும்புக் குழாய்க்குள் இருக்கும் வகையா, குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாயா என்பதும் முக்கியம். குவார்ட்ஸ் சட்டென்று சூடாகி, சட்டென்று ஆறும். நம் ஊர் ஓடிஜியில் பெரும்பாலும் இரும்புக் குழாய்தான். அது என்ன பாடு படுத்தும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அடுப்பைப் பிரித்து ஒயரில் கை வைப்பதற்கு முன்னால் தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கும் கம்பியை) உள்ளே விட்டு, குமிழை முழுதாகத் திருப்பி, அது எந்த வேகத்தில் சூடாகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அடுப்பு தேறுமா தேறாதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கே-வகை தெர்மோகப்பிள் என்பது குரோமல், அலுமல் என்ற இரண்டு உலோகக் கலவைக் கம்பிகளின் நுனியை உருக்கி ஒன்றாக்கிய ஒரு சின்ன உருண்டை. ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். அதைப் படிக்க மேக்ஸ் 6675 சிப் உள்ள மாட்யூல் மலிவாகக் கிடைக்கிறது. கால் டிகிரி நுணுக்கத்தில் சொல்லும், நம் வேலைக்குத் தாராளம். சிக்கல் அதோடு கொடுக்கும் முனையில். தடிமனான திருகுக்குள் பொதிந்து, வெளியே உலோகப் பின்னல் போட்ட கேபிளாக வரும். "சார், ஸ்க்ரூ டைப்புதான் ஸ்ட்ராங்கு, வருஷக் கணக்குல உழைக்கும்" என்றார் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர். உண்மைதான், பாய்லரிலோ எஞ்சினிலோ மாட்டினால் உழைக்கும். ரீஃப்ளோவில் அந்தத் திருகு சூடாகி நமக்குச் செய்தி சொல்வதற்குள் போர்டு எங்கேயோ போயிருக்கும். வேண்டியது கண்ணாடி இழை உறை போட்ட மெல்லிய கம்பி, நுனியில் மூடாத உருண்டை. அதே கடையில் அதுவும் இருந்தது, விலையும் குறைவு. டெஃப்லான் உறை போட்டதும் கிடைக்கும். அது 260 டிகிரியோடு நின்றுவிடும் என்பதால் நான் எடுக்கவில்லை.

கம்பி எட்டவில்லை என்று சாதாரணச் செப்புக் கம்பியை ஒட்டுப்போட்டு நீட்டுகிறவர்கள் உண்டு. இது கண்ணுக்குத் தெரியாத கேடு. மாட்யூல் தான் இருக்கும் இடத்தின் சூட்டைக் கணக்கில் சேர்த்துத்தான் விடை சொல்லும். ஒட்டு அடுப்பின் முதுகில் 60 டிகிரியில் இருக்கிறது, மாட்யூல் வெளியே 32 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 28 டிகிரி குறைத்துக் காட்டும். 215 என்று நினைத்துக்கொண்டு போர்டை 243க்குக் கொண்டுபோவீர்கள். நீட்ட வேண்டுமென்றால் கே-வகைக் கம்பியாலேயே நீட்ட வேண்டும். அதைவிட, முதலிலேயே இரண்டு மீட்டர் கம்பியாக வாங்கிவிடுவது நல்லது. இன்னொரு சோதனை: உருண்டையை விரலால் பிடித்தால் எண் ஏற வேண்டும். இறங்கினால் இரண்டு கம்பியும் இடம் மாறியிருக்கிறது. அப்படியே விட்டால், போர்டு சூடாகச் சூடாக அது குளிர்வதாகக் கண்ட்ரோலர் நினைத்து முழு வீச்சில் எரித்துக்கொண்டே இருக்கும்.

எண் சரியா என்று பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஐஸ் கட்டி மிதக்கும் தண்ணீரில் விட்டால் 0, கொதிக்கும் தண்ணீரில் 100. சென்னைக்கு இது சரி. ஊட்டியில் இருப்பவர்கள் 92, 93 வந்தால் தெர்மோகப்பிளைத் திட்ட வேண்டாம், அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே அங்கேதான். இதைவிட நான் நம்புவது சால்டர் ஒயரையே. 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் கலந்த ஒயர் நடுவில் கொழகொழப்பே இல்லாமல் சரியாக 183 டிகிரியில் திடத்திலிருந்து திரவமாகும். கடையில் கேட்காமல் வாங்கினால் 60/40தான் கொடுப்பார்கள். அது 183இல் இளக ஆரம்பித்து இன்னும் சில டிகிரி தாண்டித்தான் முழுதாக உருகும், சோதனைக்கு ஆகாது. பழைய போர்டு ஒன்றின் செப்புப் பட்டையில் கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவி, 63/37 ஒயரில் நான்கு மில்லிமீட்டர் வெட்டி, உருண்டைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். துண்டு சுருண்டு பளபளக்கும் நொடியில் திரையில் 183 இருக்க வேண்டும். நமக்குத் தேவையான சூட்டுக்குப் பக்கத்திலேயே செய்யும் சோதனை என்பதால் ஐஸ் தண்ணீரைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

உருண்டையை எங்கே வைப்பது? காற்றில் தொங்கவிடக் கூடாது. என் அடுப்பில் காற்று 200 காட்டும்போது போர்டு 165இல் இருந்தது. இன்னும் சூடானால் அந்த இடைவெளியும் மாறுகிறது, ஆகவே கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு நிலையான எண்ணும் கிடையாது. உண்மையான போர்டிலும் ஒவ்வொரு தடவையும் ஒட்ட முடியாது. அதனால் அதே தடிமன், அதே செப்பு உள்ள பழுதான போர்டு ஒன்றில் நிரந்தரமாக ஒட்டி, அதை ஒவ்வொரு முறையும் வேலை போர்டுக்குப் பக்கத்தில் உள்ளே வைக்கிறேன். உருண்டையைத் தரைப் பட்டையில் (கிரவுண்ட் இணைப்புச் செப்பில்) அழுத்தி, மேலே சூடு தாங்கும் கேப்டான் டேப் இரண்டு அடுக்கு. டேப்பை மட்டும் நம்பக் கூடாது. சூட்டில் பசை இளகி, கம்பி நிமிர்ந்து, உருண்டை அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டால் அது காற்றைப் படிக்க ஆரம்பித்துவிடும். வரைபடத்தில் திடீரென்று ஒரு படி ஏறியதுபோல் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். கம்பியை போர்டின் ஓரத் துளையில் மெல்லிய இரும்புக் கம்பியால் கட்டிவிட்டால் அந்தத் தொல்லை போய்விடும்.

போர்டுக்குள்ளேயும் எல்லா இடமும் ஒரே சூட்டில் இருக்காது. கம்பியிலிருந்து வருவதில் பெரும்பங்கு அகச்சிவப்புக் கதிர். கறுப்பு உறை போட்ட ஐசி அதைக் குடிக்கும். ஈஎஸ்பி32 மேல் இருக்கும் பளபளப்பான உலோக மூடி திருப்பி அனுப்பும். மூடிக்குக் கீழே தரைத் தகடும் பெரியது. ஆகவே போர்டில் கடைசியாக உருகும் இடம் மாட்யூலின் அடி. தெர்மோகப்பிளையும் அங்கேயே, மாட்யூலின் ஓரத் தரைப் பட்டையில் வைத்தேன். எது கடைசியாகச் சூடாகுமோ அதைப் பார்த்து அடுப்பை ஓட்டினால் மற்றவை எல்லாம் கண்டிப்பாக உருகியிருக்கும். அடுத்த கேள்வி, மற்றவை அளவுக்கு மீறிப் போயினவா என்பது. அதற்கு இரண்டாவது தெர்மோகப்பிள் ஒன்றை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். நடுவுக்கும் கதவோரத்துக்கும் 12 டிகிரி வித்தியாசம். இந்த 12 கடைசியில் திரும்ப வரும்.

பேஸ்ட் கேட்பது என்ன என்று இப்போது பார்க்கலாம். ஈயம் கலந்த பேஸ்டுக்குப் பொதுவான வழி இது: 150 டிகிரி வரை வினாடிக்கு 1 முதல் 3 டிகிரி, 150லிருந்து 180 வரை ஒன்றரை நிமிடம்போல மெதுவாக, அங்கிருந்து வேகமாக 210, 220க்குப் போய்த் திரும்ப வேண்டும், 183க்கு மேல் இருப்பது அரை நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடத்துக்குள். நடுவில் மெதுவாகப் போவது போர்டு முழுவதும் சமமாக ஊற. ஃப்ளக்ஸ் ஆக்சைடைத் தின்னவும் அதுதான் நேரம். ரொம்ப நேரம் ஊறவிட்டால் ஃப்ளக்ஸ் உருகுவதற்கு முன்பே தீர்ந்துபோய், பேஸ்ட் மணல் மணலாக நின்றுவிடும். உங்கள் பேஸ்ட் தயாரிப்பாளரின் தாளில் சரியான எண்கள் இருக்கும். அதைத்தான் பின்பற்ற வேண்டும், என்னுடையதை அல்ல.

என் அடுப்பு முழு வீச்சில் வினாடிக்கு ஒரு டிகிரியைத் தொட்டும் தொடாமலும் ஏறியது. 180க்கு மேல் திணறியது. மாலை ஏழு மணிக்கு அதுவும் இல்லை. மின்சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு போகிறது. 230 வோல்ட் 200க்கு இறங்கினால் 1200 வாட் அடுப்பு 900 வாட் அடுப்பாகிவிடும். தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் கோடை இரவில் இது நடக்கும். காலையில் நன்றாக வந்த அதே நிரல் இரவில் மங்கலான மூட்டுகளைத் தந்தால் நிரலைக் குடைவதற்கு முன் மல்டிமீட்டரை பிளக்கில் வைத்துப் பாருங்கள். இன்வெர்ட்டரில் ஓட்டும் யோசனையே வேண்டாம்.

வேகத்தைக் கூட்ட இன்னொரு கம்பி மாட்டுவதைவிட, இருக்கும் சூட்டை வெளியே விடாமல் பிடிப்பது மேல். பக்கச் சுவர்களுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவில் செராமிக் உல்லன் (சூடு தாங்கும் பஞ்சு), கதவு விளிம்பில் கண்ணாடி இழைக் கயிறு. இதிலேயே திணறல் பெருமளவு போய்விட்டது. செராமிக் உல்லனை வெட்டும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். இழை தூசியாகப் பறக்கும், நுரையீரலுக்கு ஆகாது. குமிழ்களும் ஒயர்களும் இருக்கும் பக்கத்தை மட்டும் பொதியாமல் விடுங்கள். அது ஆற வேண்டிய இடம்.

கட்டுப்படுத்தும் பகுதிக்கு வருவோம். கம்பிகளுக்குப் போகும் மின்சாரத்தை எஸ்எஸ்ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே, அசையும் பாகம் இல்லாத மின் சுவிட்ச்) வழியாக விடுகிறோம். ஒரு வினாடியில் எத்தனை பங்கு நேரம் போட்டிருக்க வேண்டும் என்று கண்ட்ரோலர் சொல்லும். 50 ஹெர்ட்ஸில் அரை அலை 10 மில்லிசெகண்ட், ஒரு வினாடிக்கு நூறு அரை அலை. ஆக நூற்றுக்கு ஒரு பங்கு வரை நுணுக்கம் கிடைக்கும். உள்ளீடு 3 முதல் 32 வோல்ட் என்று எஸ்எஸ்ஆர் மேல் அச்சிட்டிருந்தாலும் ஈஎஸ்பி32 தரும் 3.3 வோல்ட் விளிம்பில் நிற்கும் எண். ஒரு டிரான்சிஸ்டர் வைத்து 5 வோல்ட்டால் ஓட்டினால் நிம்மதி. ஐந்து ஆம்பியர் ஓடும்போது எஸ்எஸ்ஆரில் ஐந்து ஆறு வாட் சூடாக வீணாகும், அதனால் அலுமினிய ஹீட் சிங்க் வேண்டும். அதுவும் அடுப்பின் உடலோடு ஒட்டாமல் தள்ளி.

இரும்புக் குழாய் கம்பியின் பாடு இங்கேதான். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் அடுத்த தோசையைச் சுட்டுவிடும் இல்லையா, அதேதான். மின்சாரத்தை நிறுத்தியும் என் போர்டு இன்னும் 14, 15 டிகிரி ஏறிவிட்டுத்தான் இறங்கியது. போட்டால் சூடு வந்து சேரவும் அதேபோல் தாமதம். சாதாரண பிஐடி இந்தத் தாமதத்தில் தடுமாறும்: ஏறும்போது பிழையைச் சேர்த்து வைத்துக்கொண்டே போய், இலக்கைத் தாண்டிய பிறகும் அந்தச் சேமிப்பு தீரும்வரை எரிக்கும். எண்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதைவிட எளிய வழி ஒன்று உண்டு. முழு வீச்சில் ஏறிக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் மேற்கொண்டு எவ்வளவு ஏறுகிறது என்று அளந்துகொண்டு, அத்தனை டிகிரிக்கு முன்னதாகவே நிறுத்திவிடுவது. உச்சம் 215 வேண்டுமா, 200இல் நிறுத்து. ஊறும் கட்டத்துக்கு மட்டும் பிஐடி. அதிலும் சேமிப்புக்கு ஓர் உச்சவரம்பு. இவ்வளவுதான் என் நிரல். வேறு யாராவது இன்னும் அழகாக எழுதலாம், போர்டுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆறவைப்பது கையால்தான். உச்சம் தொட்டதும் பஸ்ஸர் அடிக்கும், கதவை ஒரு குச்சியால் மெல்லத் திறப்பேன். மெல்ல என்பதை அழுத்திச் சொல்கிறேன். பாகங்கள் அப்போது திரவத்தின் மேல் மிதந்துகொண்டிருக்கின்றன, ஓடிஜி கதவின் ஸ்பிரிங் சடக்கென்று இழுத்தால் எல்லாம் நகரும். 150க்குக் கீழே வரும்வரை தட்டைத் தொடுவதில்லை.

பாதுகாப்பில் யாரும் சொல்லாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். எஸ்எஸ்ஆர் செத்தால் பெரும்பாலும் மூடிய நிலையில் சாகும், அதாவது மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ட்ரோலர் 'நிறுத்து' என்று கத்தினாலும் கேட்க ஆள் இல்லை. அதனால் ஓடிஜியோடு வந்த பழைய குமிழ்களைப் பிடுங்கி எறியாதீர்கள். தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைத்து வரிசையிலேயே விடுங்கள். கையால் முறுக்கும் டைமரும் வரிசையில் இருக்கட்டும். எட்டு நிமிடத்துக்கு முறுக்கிவிட்டால், எந்த மென்பொருள் என்ன சொன்னாலும் எட்டாவது நிமிடம் டிங் என்று மணியடித்துத் துண்டித்துவிடும். மென்பொருளிலும் ஒரு காவல் வைத்திருக்கிறேன்: முழு வீச்சில் அரை நிமிடம் எரித்தும் பத்து டிகிரி ஏறவில்லை என்றால் தெர்மோகப்பிள் கழன்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு நிறுத்திவிடும். இத்தனைக்குப் பிறகும், ஓடும்போது அறையை விட்டுப் போவதில்லை.

ஒயர் வேலையில் இரண்டே விஷயம். அடுப்பின் சூடான பகுதிக்குள் எந்த இணைப்பையும் சால்டர் செய்யக் கூடாது. அடுப்பு எந்தச் சூட்டில் போர்டை ஒட்டுகிறதோ அதே சூட்டில் அந்த இணைப்பு கழன்று விழும். லக் (உலோக முனை) போட்டு, நசுக்கிக் கிரிம்ப் செய்து, திருகால் முடுக்க வேண்டும், ஒயர் கண்ணாடி இழையோ சிலிகானோ உறை போட்டதாக இருக்க வேண்டும். அடுத்தது எர்த். உடலுக்கு எர்த், 16 ஆம்பியர் பவர் பிளக், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்). மழைக்காலத்தில் ரொம்ப நாள் சும்மா கிடந்த அடுப்பைப் போட்டதும் ஆர்சிசிபி விழுவதுண்டு. கம்பிக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். நன்றாகக் காயவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்காக ஆர்சிசிபியைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

இந்த அடுப்பில் மறுபடி சமைக்கக் கூடாது. 220 டிகிரியில் ஈயம் ஆவியாவது பெரிதாக இல்லை. ஆனால் துகளும் ஃப்ளக்ஸ் படிவும் சுவரெல்லாம் ஒட்டும். கதவின் மேலேயே 'சமையலுக்கு அல்ல' என்று பெயிண்டால் பெரிதாக எழுதியிருக்கிறேன். ஃப்ளக்ஸில் இருக்கும் ரோசின் பிசினின் புகை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. பால்கனிப் பக்கம், வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் கீழே அடுப்பு இருக்கிறது.

பேஸ்ட் குளிர்சாதனப் பெட்டியில், 2 முதல் 10 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சாப்பாடு வைக்கும் குளிர்சாதனப் பெட்டியில் அல்ல, தனியாக. எடுத்த உடனே மூடியைத் திறக்காதீர்கள். சென்னைக் காற்றில் குளிர்ந்த டப்பாவைத் திறந்தால் பேஸ்ட் மேல் ஈரம் படியும், அடுப்பில் அது வெடித்துச் சிதறிப் பாகங்களுக்கு நடுவில் மணி மணியாகச் சால்டர் உருண்டைகள் கிடக்கும். காலையில் எடுத்து மூடியபடியே வெளியே வைத்துவிட்டு மதியம் வேலையைத் தொடங்குவது என் வழக்கம். ஸ்டென்சில் (பேஸ்ட் விழ வேண்டிய இடங்களில் மட்டும் துளையிட்ட தகடு) 0.12 மில்லிமீட்டர் எஃகு. வேலை போர்டின் அதே தடிமன் உள்ள இரண்டு வெற்று போர்டை எல் வடிவில் மேசையில் ஒட்டி, நடுவில் வேலை போர்டைச் செருகி, மேலே ஸ்டென்சில் வைத்து, காலாவதியான ஏடிஎம் கார்டால் ஒரே இழுப்பு. பேஸ்ட் தடவும்போது மேலே சீலிங் ஃபேன் ஓடக் கூடாது, பேஸ்ட் மேல் ஆடை கட்டும். வியர்த்துக் கொட்டத்தான் செய்யும்.

ஈரம் பேஸ்டோடு நிற்பதில்லை. ஐசிகளின் பிளாஸ்டிக் உறையும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; அடுப்பில் அது ஆவியாகி உள்ளிருந்து உறையைப் பிளக்கும். ஈஎஸ்பி32 மாட்யூல் எம்எஸ்எல் 3 என்ற ஈர உணர்திறன் வகை: உறையைப் பிரித்த பிறகு 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்துக்குள் 168 மணி நேரம்தான் கெடு. நம் ஊரில் அந்த 60 சதவீதமே கனவு. மீதியான மாட்யூல்களைச் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைக்கிறேன். கெடு தாண்டியவற்றைத் தயாரிப்பாளர் சொன்ன சூட்டில் சொன்ன நேரம் காயவைக்காமல் ஏற்றுவதில்லை.

இத்தனையும் சரியாக இருந்தால் கண்ணாடி வழியாகப் பார்ப்பது ஒரு சுகம். சாம்பல் நிறக் களிம்பு முதலில் தளர்ந்து கொஞ்சம் பரவும். ஓரத்தில் ஃப்ளக்ஸ் மஞ்சளாகக் கசியும். பிறகு போர்டின் ஒரு மூலையில் தொடங்கிப் பளபளப்பு ஓடிவரும், கோணலாக வைத்த 0603 தானாக ஓர் அசைவில் நேராகி உட்காரும். திரவத்தின் பரப்பு இழுவிசை செய்யும் வேலை. அதே இழுவிசைதான் சில கெபாசிட்டர்களை ஒற்றைக் காலில் தூக்கி நிறுத்திவிடுவதும். ஒரு முனை முந்தி உருகினால் அது இழுக்கும், மறுமுனை எழும். ஒரே கெபாசிட்டர் எல்லா போர்டிலும் எழுந்து நின்றால் அடுப்பைக் குறை சொல்லாமல் டிசைனைப் பாருங்கள். ஒரு பட்டை பெரிய தரைச் செப்போடு நேராகச் சேர்ந்திருக்கும், மெல்லிய கால்கள் வழியாகச் சேர்க்கவேண்டும். கியூஎஃப்என் நடுத்தகட்டுக்கு ஸ்டென்சிலில் முழுச் சதுரம் திறக்காமல் நாலு சன்னலாகப் பிரித்து, பாதிக்குச் சற்று மேல் பரப்பளவுக்கு மட்டும் பேஸ்ட் விட்டால் ஐசி மிதந்து சாயாது, ஓரக் கால்களும் ஒன்றோடொன்று ஒட்டாது.

இரண்டு பக்க போர்டில் ரெசிஸ்டர், கெபாசிட்டர் மட்டும் உள்ள பக்கம் முதலில். அதை முடித்துக் கவிழ்த்து, மாட்யூல் உள்ள பக்கம் இரண்டாவது. கீழ்ப்பக்கத்துச் சின்னப் பாகங்கள் மறுபடி உருகினாலும் விழாது, அந்த இழுவிசையே பிடித்துக்கொள்ளும். மாட்யூலைக் கீழே தொங்கவிட்டால் விழும். பிளாஸ்டிக் கனெக்டர், ரிலே, எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் எல்லாம் கடைசியில் கையால்.

ஈயமில்லாத பேஸ்டில் ஏன் செய்யவில்லை என்று கேட்கிறார்கள். ஐரோப்பாவில் 2006 ஜூலையிலிருந்து மின்னணுப் பொருள்களில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. விற்பனைக்கு என்றால் இது முக்கியமான கேள்வி. விடை அந்த 12 டிகிரியில் இருக்கிறது. ஈயப் பேஸ்ட் 183இல் உருகும். கதவோரம் 208, நடுவில் 220 என்று போனாலும் இரண்டும் நல்ல மூட்டு. வெள்ளீயத்தோடு வெள்ளியும் செம்பும் கலந்த, ஈயமில்லாத சாக் 305 பேஸ்ட் உருக 217 முதல் 220 வரை வேண்டும். கதவோரம் நன்றாக நனைய 235 ஆவது வேண்டும், அப்போது நடுவில் 247. மாட்யூலுக்கு விளிம்பு. காற்றாடி வைத்து அந்த 12ஐ ஐந்தாக்கினால்தான் இந்த அடுப்பில் அதை நம்பிச் செய்யலாம்.

138 டிகிரியிலேயே உருகும் பிஸ்மத் பேஸ்ட் இன்னொரு வழி. மெதுவாக ஏறும் அடுப்புக்கும் அது ஒத்துவரும், பிளாஸ்டிக்கும் தாங்கும். மூட்டு கொஞ்சம் நொறுங்கும் தன்மை உள்ளது என்பதால் அடிக்கடி இழுபடும் கனெக்டர்களுக்கு வேண்டாம். முக்கியமாக, ஈயத்தோடு கலக்கவே கூடாது: வெள்ளீயம், காரீயம், பிஸ்மத் மூன்றும் சேர்ந்தால் 96 டிகிரியிலேயே உருகும் ஒரு கலவை உண்டாகிறது, மோட்டார் பெட்டிக்குள் வெயிலில் இருக்கும் போர்டுக்கு அது ஆபத்து. போர்டு ஆர்டர் போடும்போதே ஈயமில்லாத பூச்சு என்று குறிப்பிடுங்கள். ஈயப் பேஸ்ட் தொட்ட ஸ்டென்சில், கார்டு, ஊசி எதையும் பிஸ்மத் பக்கம் கொண்டுபோகாமல் தனித்தனி டப்பாவில் வையுங்கள்.